ரெண்டரை நூல் பள்ளம்

அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனியை வீட்டில் ‘நம்ம கம்பெனி’ என்றுதான் சொல்லுவோம். அதில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற குடும்பம். ஆனாலும் திருப்பூரில் பேச்சு அப்படித்தான். முதலாளியே ஒரு காலத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். அப்படி மேலே வந்தவர்கள் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மாஸ்டர் மகன் லீவு நாளில் கம்பெனிக்குள் சுற்றினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மங்கலம் ரோட்டுப் பக்கம், சிமென்ட் ஷீட் போட்ட நீளமான கட்டடம். வாசலில் பேக்கிங், அதைத் தாண்டினால் செக்கிங், அப்புறம் பவர் டேபிள். நீள மேஜைக்கு அடியில் ஒரு ஷாஃப்ட், அதைச் சுற்ற ஒரே மோட்டார், ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட். காலை எட்டரைக்கு மோட்டாரைப் போட்டால் ராத்திரி எட்டரை வரை, அதாவது ஒன்றரை ஷிப்ட் முடிகிற வரை, அங்கே யாரும் மெதுவாகப் பேசிப் பார்த்ததில்லை. டைலர்களுக்குப் பக்கத்தில் கைமடிக்கிற பையன்கள் நிற்பார்கள். அவர்களில் சிலர் என் வயதுதான். நான் பள்ளிக்கூடம் போனேன், அவர்கள் போகவில்லை. அது அன்றைக்கு யாருக்கும் விசேஷமாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைசியில், மேற்கு ஜன்னலை ஒட்டி, கட்டிங் டேபிள். முப்பது அடி நீளம், ஐந்தடி அகலம், அன்றைக்கு என் நெஞ்சு உயரம். ரெண்டு அங்குலக் கனத்தில் வாகைப் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டது. முதலாளி கம்பெனி தொடங்கியபோது அவினாசிப் பக்கத்து ஆசாரி ஒருவர் செய்துகொடுத்தது. அப்போது உள்நாட்டு வெள்ளைப் பனியன் மட்டும்தான். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று உடம்பு அளவுக்கே குழாயாகப் பின்னி வருகிற துணி. பக்கத்தில் தையலே கிடையாது. நீளத்துக்கு வெட்டி, கழுத்தையும் கையையும் குடைந்துவிட்டால் தீர்ந்தது. அதற்குக் கத்திரி போதும், டேபிள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குடி முழுகாது.

எக்ஸ்போர்ட் வந்ததும் கதை மாறிற்று. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஆரம்பித்த காலத்தை ஒட்டி, சின்னக் கம்பெனிக்குக்கூட டீ-ஷர்ட் ஜாப் ஒர்க் வர ஆரம்பித்தது. எஸ், எம், எல், எக்ஸ்எல். நெஞ்சு இவ்வளவு, நீளம் இவ்வளவு, தோள் இவ்வளவு என்று தாளில் அச்சடித்து வரும். பீஸை டேப் வைத்து அளந்து பார்க்க ஆள் வரும். கத்திரியை ஓரம் வைத்துவிட்டு முதலாளி ஒரு ஈஸ்ட்மேன் கட்டிங் மெஷின் வாங்கினார். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் 1888-ல் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் அது. துணி வெட்டுகிற மின்சார மெஷினை உலகத்துக்குக் கொடுத்தவர்கள். திருப்பூர்க்காரர்கள் அந்தப் பெயரை மாமன் மச்சான் பெயர் மாதிரி சொல்லுவார்கள்.

அந்த மெஷினின் நேரான கத்தி மேலும் கீழுமாக ஓடும். கத்திக்கு அடியில் தட்டையான தகடு, தகட்டுக்கு அடியில் சின்னச் சின்ன உருளைகள். நூறு நூற்றிருபது மடி துணியை விரித்து, அதற்குக் கீழே தகட்டை நுழைத்து, டேபிளின் மேலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கத்தி தகட்டுக்கு நேர்குத்தாக நிற்கிறது, தகடு டேபிள்மேல் படுத்திருக்கிறது. டேபிள் ஓரிடத்தில் மட்டும் சாய்ந்தால் தகடு சாயும், தகடு சாய்ந்தால் கத்தி சாயும். மேல் மடி சரியாக இருக்கும், அடி மடி கூடவோ குறையவோ போகும். பலகைக்குப் பலகை விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் உருளை அங்கே முட்டும். முட்டியதைத் தள்ளினால் பனியன் துணி ஒரே நொடியில் சுருங்கிக் குவியும். நெசவுத் துணி என்றால் கொஞ்சம் பொறுக்கும், பின்னல் துணிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எங்கள் டேபிளில் இதெல்லாமே இருந்தது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்கு ஜன்னலில் நேராக அடிக்கும். ஐப்பசி மழையில் சுவர் ஈரம் காக்கும். போதாததற்கு அயர்ன் டேபிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டிருந்தார்கள், நாள் முழுக்க நீராவி. ஈரம் குடித்தும் காய்ந்தும் பத்து வருஷத்தில் பலகைகள் தங்கள் இஷ்டத்துக்குத் திரும்பிவிட்டன. செக்கிங்கில் இருந்த அக்கா ஒருத்தர்தான் கண்டுபிடித்தார். ஒரே எல் சைஸில் ஒரு கட்டில் மட்டும் பக்கத்துக்குக் கால் அங்குலம் வித்தியாசம். அப்பா அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். வித்தியாசம் மேலிருந்து கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போனது. மெஷினையும் கத்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் டேபிள்மேல் நூல் கட்டிப் பார்த்தார் அப்பா.

டேபிளைச் செய்த ஆசாரியையே கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போதே தோள்பட்டை வலி. கூட அவர் மகனும் வந்திருந்தார். துபாயில் மரவேலை பார்த்துவிட்டு வந்தவர், பெட்டியில் துணிமணிக்குப் பதில் மக்கீட்டா ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தவர். இந்த மாதிரிக் கதைகளில் அப்பன் இழைப்புளியைப் பிடித்துக்கொண்டு மெஷினைத் திட்டுவார், மகன் மெஷினைத் தூக்கிப் பிடிப்பார் என்று எதிர்பார்ப்பீர்கள். அங்கே நேர்மாறு. மகன், “மேல ஒரு பிளைவுட்டப் போட்டு ஆணி அடிச்சரலாமுங்க மாஸ்டர், ஒரு நாள் வேல” என்றார். அப்பன்காரர் தலையை ஆட்டினார். “கோணல் மேல பிளைவுட்டப் போட்டா பிளைவுட்டும் கோணிக்கும். இந்தப் பலக நல்ல வைரம் பாஞ்சது. உன்ற மிஷின எடுத்துட்டு வா. எனக்கும் தோளு முடியல.”

“அந்த மிஷின் கதவுக்குப் பூ வேல பண்றதுக்குங்கப்பா.”

“சுத்துற உளிதானப்பா அது. எங்க பிடிக்கச் சொல்றமோ அங்க வெட்டும்.”

1995 பொங்கல் லீவுக்கு வேலையை ஒத்திப்போட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் திருப்பூரில் மோட்டார் நிற்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். தவிர, வெள்ளைத் துணி இருக்கிற இடத்தில் மரத்தூள் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்த ரோல்களையெல்லாம் பாலிதீன் தாளால் மூடி, தைத்த பீஸ்களை வேறு அறைக்கு மாற்றி, வாசலில் காப்புக்கட்டு வேப்பிலை காய்ந்து தொங்க, உள்ளே வேலை தொடங்கியது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பூப்பறிக்கிற நோம்பிக்குத் தெருப் பிள்ளைகள் கிளம்பிப்போனபோதும் நான் போகவில்லை. எனக்குக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்திருந்தது.

உத்தியோகம் என்னவென்றால், காந்தம் இழுப்பது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தில் கயிறு கட்டி, டேபிள் முழுக்க அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். பத்து வருஷக் குண்டூசி, உடைந்த ஓவர்லாக் ஊசி முனை, பேட்டர்ன் அட்டை நகராமலிருக்க அடித்து மறந்த ஆணி எல்லாம் மரத்துக்குள் புதைந்து கிடந்தன. ரூட்டர் பிட் அதில் ஒன்றைத் தொட்டாலும் பல் போய்விடும். அந்த பிட் கோயம்புத்தூர் கடையிலிருந்துதான் வர வேண்டும், லீவில் கடை திறக்காது. காந்தம் லேசாக ஒரு இடத்தில் தயங்கும், விரலுக்குத் தெரியும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவேன். மகன் வந்து உளி முனையால் கிண்டி எடுத்து ஒரு டீ கிளாசில் போடுவார். ஒரு இடத்தில் காந்தம் நின்றது, ஆனால் மேலே ஒன்றுமே தெரியவில்லை. கிண்டினால் அரை அங்குல ஆழத்தில் துருப்பிடித்த ஆணி. “இவனக் கட்டிங்குக்குப் போடாதீங்க மாஸ்டர், எங்கிட்ட விட்டுருங்க” என்றார் பெரியவர். அந்த வயதில் இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு மெஷினை எடுப்பார்கள் என்று பார்த்தால், ஒரு பகல் முழுக்க எடுக்கவேயில்லை. பெரியவர் டேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே அளவாக இழைத்த ரெண்டு நேர்ச் சட்டங்களை டேபிளின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று குறுக்காக வைத்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின்சட்டத்தைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ரெண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று ஒட்டியபடி போனால் டேபிள் முறுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பின்சட்டம் எட்டிப் பார்த்தால் முறுக்கு. “பள்ளம்னா மரத்தோட குத்தம் கண்ணு. இழைச்சாப் போயிரும். முறுக்குன்னா சட்டத்தோட குத்தம். எத்தன இழைச்சாலும் திரும்ப வரும்.” எங்கள் டேபிளில் லேசாக முறுக்கு இருந்தது. நடுக்கால் ஒன்றின் ஆப்பு தளர்ந்திருந்தது. முதலில் அதைத்தான் சரிசெய்தார்.

அடுத்து, பலகை முனைக்குக் கூட்டிப்போய் வளையங்களைக் காட்டினார். மரம் காயக் காய வளையம் நிமிரப் பார்க்கும். பட்டைப் பக்கம் மேலே இருக்கிற பலகை நடுவில் குழியும், வைரப் பக்கம் மேலே இருக்கிற பலகை நடுவில் மேடு தட்டும். எங்கள் டேபிளில் ரெண்டும் கலந்திருந்ததால் மேடும் குழியும் மாறி மாறி வந்தன. ஒரே அளவான மூன்று கட்டைகளை எடுத்தார். ரெண்டு முனையிலும் ஒவ்வொரு கட்டை வைத்து, அவற்றின் மேலே நூலை விறைப்பாகக் கட்டி, மூன்றாவதை நூலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே போனார். நூலைத் தூக்கினால் மேடு, அடியில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஜன்னல் பக்கத்துக் கடைசிப் பலகையில் ரெண்டரை நூல் பள்ளம் இருந்தது.

எந்த மெஷினும் தானாக மட்டம் பிடிக்காது. ரூட்டர் வேலை முழுக்க அதற்குப் பாதை போடுவதில்தான் இருக்கிறது. டேபிளின் ரெண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாகப் பன்னிரண்டடித் தேக்குச் சட்டங்களை முடுக்கினார்கள். இரும்பு ஆங்கிள் போடலாமே என்று மகன் கேட்டார். நேரான இரும்பு கடையில் கிடைக்காது, கோணியதை நிமிர்த்த நம்மிடம் கருவியும் இல்லை, மரத்தை நானே நேராக்கிக்கொள்வேன் என்பது பெரியவர் பதில். இழைப்புளியை அவர் அந்தச் சட்டங்களுக்குத்தான் எடுத்தார். தோள்வலியோடு, நின்று நின்று, சுருள் ஒன்றுபோல் விழுகிற வரை இழைத்தார். பிறகு நூல், மறுபடி குறுக்குச் சட்டம் வைத்துக் கண்பார்வை, மறுபடி திருகாணி. ரசமட்டம் பையிலேயே கிடந்தது. தரையே சாக்கடைப் பக்கம் சரிவு, அதற்கு ஏற்றபடி டேபிளும் சரிந்தால் சரியட்டும், மேற்பரப்பு மட்டும் ஒரே தளமாக இருந்தால் கட்டிங்குக்குப் போதும் என்றார்.

ரூட்டரை ஒரு பலகைத் தொட்டியில் உட்கார வைத்து, தொட்டியின் ரெண்டு முனையையும் ரெண்டு சட்டத்திலும் ஏற்றினார்கள். தொட்டி சட்டத்தின் மேல் நீளவாக்கில் நகரும், ரூட்டர் தொட்டிக்குள் குறுக்குவாக்கில் நகரும். சுவிட்சைப் போட்டதும் வந்த சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின் அது. முதல் வரிசை வெட்டியதும் பெரியவர் நிறுத்தச் சொல்லி நூலை எடுத்தார். ஓரத்தில் சரியாக இருந்தது, நடுவில் அரை நூல் கூடுதலாகக் குழிந்திருந்தது. மகன் சட்டத்தைச் சந்தேகப்பட்டார். பெரியவர் தொட்டியை நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ஐந்தரை அடி நீள பிளைவுட், நடுவில் மெஷினின் எடை, தொய்யாமல் என்ன செய்யும்? மெஷின் அந்தத் தொய்வை அப்படியே மரத்தில் எழுதிவைத்திருந்தது. சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் வெல்டிங் பட்டறையிலிருந்து ரெண்டு இரும்பு ஆங்கிள் வாங்கிவந்து தொட்டியின் ரெண்டு பக்கமும் முடுக்கினார் மகன். இங்கே மட்டும் இரும்புக்குப் பெரியவர் ஒத்துக்கொண்டார். தாங்குவதற்கு இரும்பு, வழி காட்டுவதற்கு மரம்.

பிறகு ஓடியது. ஒரு தடவைக்கு அரை நூல் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. முக்கால் அங்குலம் முக்கால் அங்குலமாக நகர்த்தி முப்பது அடியைக் கடக்க வேண்டுமானால் குறுக்கே 480 ஓட்டம், அதுவும் ஒரு ஆழத்துக்கு மட்டும். சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டு நான் சொன்னதும் மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவரோ மெஷினைக் கீழே வைக்கவே இல்லை. உழவுக்குப் புது மாடு பூட்டிய பண்ணாடி மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். “நவுருப்பா, நீ கை நடுங்கற” என்று மகனை விலக்கிவிட்டு அவரே ஓட்டினார். வாகைத் தூள் லேசுப்பட்டதல்ல. மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மூன்று பேரும் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கண் சிவந்து, மூக்கு ஒழுக நின்றோம். அம்மா கொடுத்துவிட்ட கச்சாயத்தில்கூடத் தூள் படிந்திருந்தது. தட்டிவிட்டுத் தின்றோம்.

பன்னிரண்டடி முடிந்ததும் சட்டத்தைக் கழற்றி அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் படி விழும், ஒரு பகுதி மேலே, அடுத்தது கீழே என்று. பெரியவர் சட்டத்தை முழுசாக நகர்த்தாமல் பத்தடிதான் நகர்த்தினார். மீதி ரெண்டடி, முடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ரூட்டரை முடித்த இடத்துக்குக் கொண்டுபோய், பிட் மரத்தைத் தொட்டும் தொடாமலும் சுற்றுகிற வரை சட்டத்தை ஏற்றி இறக்கினார். அதன் பிறகுதான் புது இடத்தில் மரத்தைத் தொட்டார்.

ரூட்டர் விட்டுப்போன வரிவரியான தடத்தை இழைப்புளி முதலில் குறுக்காகவும் பிறகு மர ஓட்டத்தோடும் எடுத்தது. அப்புறம் உப்புத்தாள். எண்ணெயோ வார்னிஷோ கிடையாது, துணியில் கறை ஏறும். கடைசிப் பரீட்சை அப்பாவுடையது. கட்டிங் வேஸ்டிலிருந்து நைஸான பனியன் துண்டு ஒன்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு டேபிள் முழுக்கத் தடவினார். எங்கே இழை பிடித்து இழுத்ததோ அங்கே சிம்பு. கண்ணுக்குத் தெரியாத சிம்பையும் பனியன் துணி காட்டிக்கொடுத்துவிடும். லீவு முடிந்து ஆட்கள் வந்த அன்றைக்கு, விரித்த முதல் கட்டில் மேல் மடி, நடு மடி, அடி மடி மூன்றையும் உருவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஓரம் பிசகவில்லை. முதலாளி எல்லாருக்கும் டீயும் வடையும் சொன்னார். ஆசாரிக்குப் பேசிய கூலிக்கு மேலே ஒரு வேட்டி.

இப்போது பெரிய கம்பெனிகளில் கட்டிங் ஹாலே வேறு. கம்ப்யூட்டர் வழி நடத்துகிற கட்டர் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜோசஃப் கெர்பர் 1969-லேயே கொண்டுவந்த யோசனை அது. அதில் துணி மரத்தின்மேல் கிடப்பதில்லை. பிரஷ் முள் மாதிரியான படுக்கையின்மேல் கிடக்கும், அடியிலிருந்து காற்றை உறிஞ்சித் துணியை அழுத்திப் பிடிக்கும். கத்தி முள்ளுக்குள்ளேயே இறங்கி வெட்டும். ஆனால் ஜாப் ஒர்க் எடுக்கிற சின்னக் கம்பெனிகளில் இன்றைக்கும் நேர்க்கத்தி மெஷினும் பலகை டேபிளும்தான். மூடுகிற கம்பெனியிலிருந்து திறக்கிற கம்பெனிக்கு அந்த டேபிள்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பழைய கட்டிங் டேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே பளபளப்பாக ஒட்டியிருக்கிற மைக்காவைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு நூல்கண்டும் ஒரே மாதிரியான மூன்று ரெண்டு ரூபாய் நாணயங்களும் எடுத்துப்போங்கள். முனைக்கு ஒரு நாணயம் வைத்து மேலே நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, மூன்றாவதை அடியில் ஓட்டிப் பாருங்கள். நீளத்தில், அகலத்தில், பிறகு மூலைக்கு மூலை. பள்ளமோ மேடோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்குங்கள், நல்ல ஆசாரி சரிசெய்து கொடுப்பார். பலமாக முறுக்கியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.